செவ்வாயில் வாடகை வீடு

பிரபாவதி எழுதிய கதையைத் திண்டிவனத்துப் பத்திரிகை ஆசிரியர் அப்பாதுரை தன் வீட்டு ஹாலிலேயே படித்து முடித்தார்.

"செவ்வாய் கிரகத்துல விழுப்புரம் பஸ், மல்லாட்டைச் செடி பிடுங்கற ரோபோ, எல்லாம் சரிம்மா. அறிவியல் கதையா போய்க்கினு இருந்தது, கடைசிப் பக்கத்துல மாயாஜாலம் ஆயிடுச்சு."

"ஏன் சார்?"

"வாடகைக்கு வீடு கேட்டு வர்றவங்களை, 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேக்காமயே ஓனர் சாவியைக் குடுக்கறாரே! எந்தக் கிரகத்துலம்மா நடக்கும்?"

பிரபாவதி கதையை வாங்கிப் பையில் வைத்தாள்.

"சார், மாடி போர்ஷன் காலின்னு வாசல்ல போர்டு பார்த்தேன். எனக்கு வேணும்."

"தாராளமா வாங்க" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா, நீங்க என்ன ஆளுங்கம்மா?"

பிரபாவதி கதையை மறுபடி வெளியே எடுத்தாள். தலைப்புக்கு மேலிருந்த 'அறிவியல் கதை'யை அடித்துவிட்டு, 'மாயாஜாலக் கதை' என்று எழுதி அவரிடமே நீட்டினாள்.