வியாழக்கிழமை நாலு மணிக்குள்

"நாலு கடைவீடு. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள விற்பனைப் பத்திரத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாகணும். உன்னால முடியுமாம்மா?"

தம்பிராஜா கேட்டதும், அவர் நீட்டிய பட்டாவைச் சந்திரமதி வாங்கிக்கொண்டாள்.

காஜா பேராங் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, வழக்கறிஞர் என்று பலகை மாட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருடம் முடியப்போகிறதென்று ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் இதுவரை வந்ததெல்லாம் பிறப்புச் சான்றிதழ் நகல்களும் சத்தியப் பிரமாணங்களும்தான். நிலம், கட்டடம் என்று வந்தவர்கள் அவளைப் பார்த்ததும், லாயர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

தம்பிராஜா அப்படிக் கேட்கவில்லை. நேராக வந்து எதிரில் உட்கார்ந்தார். காலம் மாறிவிட்டது, பெண்களும் பெரிய வேலைகளைச் செய்ய வேண்டும் என்றார்.

லாரி கம்பெனி முதலாளி மருதமுத்து தம்பிராஜாவின் நாலு கடைகளையும் வாங்கி, இடித்துவிட்டு மூன்று மாடிக் கடைத்தொகுதி கட்டப்போகிறார். ஒப்பந்தம் போன வருடமே போட்டாயிற்று. கெடு தவறினால் ஒப்பந்தம் ரத்து.

பட்டாவைப் பிரித்த சந்திரமதி நிமிர்ந்தாள். அதில் தம்பிராஜாவின் பெயரோடு அவர் தங்கை பொன்னம்மாவின் பெயரும் இருந்தது. அந்தம்மாள் கையெழுத்தில்லாமல் ஓர் அங்குலம்கூட விற்க முடியாது.

தங்கையோடு பேச்சு நின்று இருபது வருடமாகிறது என்றார் தம்பிராஜா. பினாங்குப் பக்கம் இருப்பதாகக் கேள்வி, விலாசம் தெரியாதாம்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. முடியலைன்னாலும் உன்மேல நான் வருத்தப்பட மாட்டேம்மா."

"முடிச்சிடலாம் ஐயா" என்றாள் சந்திரமதி. அவர் போன பிறகு பட்டாவை மூன்று முறை படித்தாள்.

விற்கப்போகும் இடத்தை முதலில் கண்ணால் பார்க்க வேண்டுமென்று கிளம்பினாள். காப்பிக் கடை, மளிகைக் கடை, சைக்கிள் கடை என்று வாடகைக்கு இருப்பவர்களை ஒவ்வொருவராக விசாரித்தாள். யாருக்கும் பொன்னம்மாவைத் தெரியவில்லை. கடைசியாகத் தையற்கடைக்காரர், அந்தம்மா பிள்ளைகளின் தீபாவளித் துணியை வருடா வருடம் இங்கேதான் தைக்கக் கொடுக்கிறார் என்று சாவகாசமாகச் சொன்னார். பினாங்கா? யார் சொன்னது? புக்கிட் ரம்பாயில்தான் வீடு.

மறுநாள் முதல் பஸ்ஸில் சந்திரமதி புக்கிட் ரம்பாய்க்குப் போனாள்.

பொன்னம்மா காகிதங்களைத் தொடவே இல்லை. முன்பும் இப்படி இரண்டு ஆண்கள் வந்தார்களாம். "கையெழுத்துப் போடுற இடத்தை மட்டும் காட்டினாங்க. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, அதெல்லாம் உனக்குப் புரியாதுன்னுட்டாங்க."

சந்திரமதி தரையில் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் இருந்த பதினொரு பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். பாதிப் பங்கு அண்ணன் கைக்குப் போகாமல் நேராகப் பொன்னம்மாவுக்கே வரும்படி ஒரு வரியையும் அவர் கண் முன்னாலேயே சேர்த்தாள். சொல்லி முடித்தபோது மதியம் திரும்பியிருந்தது. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகப் பொன்னம்மா சொன்னார்.

வியாழக்கிழமை மூன்றரை ஆகியும் அவரைக் காணவில்லை. மருதமுத்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். தம்பிராஜா சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். சந்திரமதி சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

மூன்று நாற்பதுக்குக் கீழே ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பொன்னம்மா குதித்து இறங்கி, மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "பஸ்ஸு ரோசாக்காயி, கெட்டுப்போயி நடுவழியில நின்னுருச்சும்மா. தேங்காய் லாரியை மறிச்சு ஏறி வந்தேன்."

தங்கையைக் கண்டதும் தம்பிராஜா எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. இருபது வருடப் பிரிவு மனிதரை உலுக்கிவிட்டது என்று சந்திரமதி நினைத்துக்கொண்டாள். பொன்னம்மா முதலில் கையெழுத்திட்டார், பிறகு மருதமுத்து. தம்பிராஜாவின் பேனாதான் வெகுநேரம் காகிதத்தின் மேலேயே நின்று, கடைசியில் நகர்ந்தது. அப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து.

மருதமுத்துவின் முகமெல்லாம் சிரிப்பு. புக்கிட் பாருவில் இன்னொரு நிலம் பார்த்து வைத்திருப்பதாகவும், அந்தப் பத்திரத்தையும் அவளே எழுத வேண்டுமென்றும் சொல்லிவிட்டு, பொன்னம்மாவைத் தன் காரிலேயே வீட்டில் விடுவதாக அழைத்துப் போனார்.

சந்திரமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. படி வரை போய்த் தம்பிராஜாவை வழியனுப்பினாள்.

"ஐயா, இந்த ஊர்ல யாரும் என்னை நம்பாதப்ப, நீங்க ஒருத்தர்தான் நம்பி வந்தீங்க. மறக்கவே மாட்டேன்."

இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கடைங்களுக்கு ரெண்டு மடங்கு விலை கொடுக்க வேற ஆள் காத்திருந்தான். இந்தக் கெடு தவறினாதான் நான் அவனுக்கு விக்க முடியும்" என்றார் தம்பிராஜா. "நம்பித்தான்மா வந்தேன். உன்னால முடியாதுன்னு நம்பி வந்தேன்."