பேஸ் கிட்டார் தேர்ந்தெடுத்த பெட்டி

கச்சேரி மேடை ஒன்றில் ஒரு பழைய பேஸ் கிட்டார் இருந்தது. அதன் ஒலியை வாங்கி, எல்லா வாத்திய ஒலிகளையும் கலக்கும் மிக்சருக்குக் கொண்டுபோக இரண்டு டி.ஐ. பெட்டிகள் காத்திருந்தன. ஒன்றுக்கு மின்சாரமே வேண்டாம். மற்றது பேட்டரியில் ஓடும்; மெலிந்த ஒலிக்குத் தெம்பு கொடுக்கும்.

"யார் தெம்பும் எனக்கு வேண்டாம்" என்று வீறாப்பாக முதல் பெட்டியோடு சேர்ந்துகொண்டது பேஸ். ஒத்திகையில் உயிரைக் கொடுத்து வாசித்தது.

பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த டிரம் கேட்டது: "நீ எப்பப்பா வாசிக்கப் போற?"

முதல் பெட்டி தயங்கியது. "நீங்க குடுத்ததே கொஞ்சம்தான் அண்ணே. வழியில அதுலயும் கொஞ்சம் போயிடுச்சு."

கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. பேஸ் எல்லோரும் பார்க்க ஒயரைக் கழற்றிக்கொண்டு இரண்டாவது பெட்டியிடம் போனது.

"என் குரல் சின்னது. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. தூக்கி விடுவியா?"

"விடறேன். ஆனா பேட்டரி தீர்ந்தா எனக்கே பேச்சு வராது. பரவாயில்லையா?"

"அப்ப முதல்ல உனக்குப் புது பேட்டரி போடுவோம்" என்றது பேஸ்.

போட்ட பிறகுதான் அது முதல் தந்தியை அதிரவிட்டது. கடைசி வரிசைக்காரர்கள் காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள்.