பந்து எழும்ப வேண்டும்

லண்டனின் ஸ்ட்ரெதமில் மழை விட்டிருக்கிறது. சின்னக் கால்பந்துக் கிளப்பின் செயலாளர் ஜெகதீஸ்வரி கோல் வாசலில் மண்டியிட்டு, பழைய மெத்தையில் வெட்டிய ஸ்பொஞ்சால் தண்ணீரை ஒற்றி வாளிக்குள் பிழிகிறார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன ஆட்டம். இன்றும் நடக்காவிட்டால், கிண்ணப் போட்டி விதிப்படி எதிரணியின் மைதானத்துக்குப் போய்விடும். “எழும்புங்கோ அக்கா, றெஃப்றி வாறார்,” என்கிறான் கோல்காப்பாளன் றொஷாந். “பொறு. மாட்ச் அங்கை போனால் ரிக்கெற் காசும் போயிடும், கிளப்பை மூட வேண்டியதுதான்.” தரை ஆடத் தகுந்ததா என்று பார்க்க, நடுவர் பந்தைத் தோளளவு உயர்த்திக் கீழே விடுகிறார்; எழும்பாவிட்டால் ஆட்டம் இல்லை. பந்து சேற்றில் மோதி, முழங்கால்வரை எழும்புகிறது. “பாத்தீங்களே!” றொஷாந் துள்ளுகிறான். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. நடுவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றக் கோலை நோக்கி நடக்கிறார். அங்கே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், ஒரு வாத்து நிதானமாக நீந்துகிறது.