விழுப்புரத்தான் பார்த்த கிளச்சு

திண்டிவனத்துல சுப்பராயலு ரெட்டியார் காருக்கு நான் போட்ட கிளச்சு பிளேட்டெல்லாம் சீக்கிரமே கருகிடும். கடைசியா புதுசு போட்டு அனுப்பினேன். அதையும் நம்பாம விழுப்புரம் மெக்கானிக் விருத்தாசலத்துகிட்ட போனாரு. அதுலேர்ந்து கிளச்சு வழுக்கவே இல்லையாம். ஊரெல்லாம் அவன் பேச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

"அவன் திருட்டுச் சாமான் போட்டிருப்பான் ரெட்டியாரே, பார்க்கணும்"னு கழட்டினேன்.

உள்ளே நான் அடையாளம் குத்தின அதே பிளேட்டு!

"அப்போ அவன் என்னதான் பண்ணினான்?"

"எப்பவும் பின்சீட்டுல வர்ற வீட்டம்மாவ முன்சீட்டுல உட்காரச் சொன்னான்."

பிளேட்டை மறுபடி மாட்டிட்டு நானும் வண்டியில பின்னாடி ஏறிக்கினேன். கியர் மாத்தின பிறகும் ரெட்டியார் கால் கிளச்சு பெடலை விடலே.

முன்சீட்டுல இருந்த வீட்டம்மா கிருஷ்ணவேணி அம்மா அவர் தொடையில நறுக்குன்னு கிள்ளினாங்க.

"கால எடுங்க, பிளேட்டு கருகுது!"

கால் பெடலை விட்டு ஜல்தியா இறங்கிச்சு.