சம்பந்திக்குச் சர்க்கரை

“வந்ததும் வராததுமா இப்படியா குண்டைத் தூக்கிப் போடுவார்?” என்று சமையலறைக்குள் வந்து பல்லைக் கடித்தார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

“மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழப்போகுது,” என்றாள் மனைவி.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி. மகளின் மாமனார், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். சம்பந்தியம்மா பேரனோடு ஊரிலேயே தங்கிவிட, “கண்ணாடின்னு போட்டா நம்ம சம்பந்தி கையாலதான் போடணும்” என்று அவர் மட்டும் வந்து இறங்கியிருந்தார். கேக் தட்டோடு வரவேற்கப் போன கடைக்காரரைக் கை நீட்டித் தடுத்தார்.

“எனக்குச் சர்க்கரை ஆரம்பமாம் சம்பந்தி. இனிப்பு, பொரிச்சது, மைதா எதுவும் ஆகாதாம். நான் இருக்கிற வரைக்கும் அதெல்லாம் என் கண்ணுலயே காட்டிடாதீங்க. பார்த்தா என் கை சும்மா இருக்காது.”

அவர் கண்ணில் காட்டக் கூடாதென்றால், வீட்டில் யாரும் தின்னக் கூடாது என்றுதானே அர்த்தம்!

உண்மையில் கடைக்காரருக்கும் அதே கதைதான். போன மாதமே டாக்டர் எச்சரித்திருந்தார்.

“சர்க்கரை இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது. ஆனா ரத்தக் குழாய்க்குள்ள அழற்சி ஆரம்பிச்சாச்சு. வெளியில தெரியாது, உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். இப்படியே விட்டா நேரா இதயத்துலதான் கை வைக்கும்.”

“வாசல்லதானே நிக்குது? நின்னு நின்னு கால் வலிச்சா தானாப் போயிடும்!” என்று வீட்டுக்கு வந்து சிரித்தார் கடைக்காரர். அன்று சாயங்காலமே ஒரு ஐஸ்கிரீம் டப்பாவின் அடிவரை வழித்தார். மனைவி கத்தினால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். மகள் போனில் கெஞ்சினால், “லைன் சரியில்லம்மா” என்று வைத்துவிடுவார்.

சம்பந்தியிடம் அப்படி முடியுமா? பெண்ணைக் கொடுத்த இடமாச்சே!

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அறைக் கதவு தட்டப்பட்டது.

“டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார் சம்பந்தி. ஊர் புதுசு. தனியாப் போனா வழி தெரியாம எங்கேயாவது போய் நிப்பேன். கொஞ்சம் துணைக்கு வர்றீங்களா?”

ஸ்டேஷன் மாஸ்டர் எக்ஸ்பிரஸ் வேகத்தில் முன்னால் போக, கூட்ஸ் வண்டி மாதிரி இரைத்துக்கொண்டு பின்னால் போனார் கடைக்காரர்.

“அந்த முனையோட திரும்பிடலாமா சம்பந்தி?”

“இன்னும் சிக்னல் விழலையே!”

வீட்டுக்கு வந்தால் சர்க்கரை இல்லாத காபி.

“உங்களுக்கு வேணும்னா போட்டுக்கோங்க சம்பந்தி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.”

இப்படிச் சொன்ன பிறகு எவன் போட்டுக்கொள்வான்?

கண்ணாடியைக் கொடுத்துச் சட்டுபுட்டென்று அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், அதுவும் நடக்கவில்லை.

“இடது பக்கம் லேசாக் கூசுது.”

மாற்றினார்.

“இப்ப வலது பக்கம்.”

அதையும் மாற்றினார்.

“இப்ப மூக்குல அழுத்துது.”

கடை திறந்த நாளிலிருந்து இப்படியொரு மூக்கை அவர் பார்த்ததில்லை.

“வியாதியோட இருக்கிறவர் அவர் வீட்டுல இருந்து பத்தியம் இருக்கட்டுமே! என்னை எதுக்கு வாட்டி எடுக்கணும்?” என்று தினமும் மனைவியிடம் பொருமினார். அவளோ வெள்ளரிக்காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

வாரங்கள் ஓடின. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கடையின் மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கும் வழக்கம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டாக்டரே அசந்துபோனார்.

“வாசல்ல நின்ன சர்க்கரை தெருவுக்கு இறங்கிடுச்சே! எப்படி சார்?”

“எல்லாம் மன உறுதிதான் டாக்டர்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கடைக்காரர்.

அதிசயமாக, அன்றைக்கே ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கண்ணாடி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ரயிலடி வரை கொண்டுபோய் விட்டார் கடைக்காரர். சம்பந்தியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால், பெஞ்ச் காலி!

பிளாட்பாரக் கோடியில் ஒரு பேக்கரி. அதன் முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு கையில் கிரீம் கேக், இன்னொரு கையில் ஜாம் பன். மீசை முழுக்க வெள்ளை கிரீம்.

கடைக்காரருக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

“நல்லா இருக்கு சம்பந்தி, ரொம்ப நல்லா இருக்கு! எங்க வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிட்டு, இங்க வந்து ஒளிஞ்சு நின்னு மொக்குறீங்களா? உங்களுக்குச் சர்க்கரைன்னு நம்பித்தானே நான் நாக்கைக் கட்டிப் போட்டேன்?”

ஸ்டேஷன் மாஸ்டர் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். புரையேறியது. கடைக்காரர் கையிலிருந்த தண்ணீரையே வாங்கிக் குடித்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

“எனக்கு ஒரு சர்க்கரையும் கிடையாது சம்பந்தி. இனிப்பு இல்லாத காபியை உங்க வீட்டுல நான் குடிச்ச பாடு எனக்குத்தான் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?”

“உங்க பொண்ணுதான் அனுப்பி வச்சா. ‘எங்கப்பா தன் உசுருக்காக வாயைக் கட்ட மாட்டார் மாமா, ஆனா உங்க உசுருக்குன்னா கட்டுவார்’னு சொன்னா.”