வேப்பெண்ணெய் தடவிய சூப்பான்

காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, ரப்பர் சூப்பானை ஒளித்து வைத்துப் பார்த்தாள் சுகிர்தா. மகள் மிளிர் பால்கனியில் நின்று போகிற வருகிற காக்கையிடமெல்லாம் "குடு, குடு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அதனால்தான் இன்று சூப்பானில் வேப்பெண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கொடுத்தாள். மூன்று வயதாகப்போகிறவள் கண்ணை ஒருதரம் இறுக மூடித் திறந்துவிட்டு, எப்போதும்போலச் சப்பத் தொடங்கினாள். சுகிர்தா இன்னும் தடவினாள். மகள் இன்னும் சப்பினாள்.

"உன்னோட மாரடிக்க என்னால முடியலடி" என்று சுகிர்தா தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். மிளிர் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயிலிருந்ததைப் பிடுங்கி, கவுனில் துடைத்து, அம்மாவின் வாய்க்குள் திணித்தாள்.

"அயாதம்மா."

கசப்பு காதுவரை ஏறியது. சுகிர்தா துப்பப் போனதும் மகளின் உதடு பிதுங்கியது. திரும்ப வைத்துக்கொண்டதும் அடங்கியது. அதன்பின் மிளிர் அதைக் கேட்கவே இல்லை. விளையாட்டுக்கு நடுவே வந்து, அம்மாவின் வாயில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரரின் குரல். சுகிர்தா எழுந்தாள். மகளும் கூடவே வந்தாள், அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே.