காலிக் கட்டம்

“இன்னும் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்தான் இருக்கும்மா. அதுக்குள்ள இந்த ஒரு கட்டத்தை நிரப்பிடு” என்றார் கோட்டப் பொறியாளர்.

அந்தக் கோட்டத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பாலங்கள். அவற்றைப் பராமரிக்கும் திறன் அலுவலகத்துக்கு இருக்கிறதா என்று மதிப்பெண் போட, வெளியிலிருந்து குழு வருகிறது. திரையில் எல்லா வரிகளும் பச்சை. பதினேழாம் எண் பாலத்துக்கு மட்டும் சென்ற ஆண்டின் கட்டம் காலி.

“என்ன சார் போடணும்?” என்றாள் அவள்.

“நல்ல நிலைன்னு போடு. முந்தின வருஷம் அதானே இருக்கு? பழசைப் பார்த்துப் புதுசுல எழுதறது நம்ம ஆபீஸ்ல புதுசா என்ன?”

“ஆய்வாளர் பேரும் தேதியும் இருக்கே. அவர் போனாரா இல்லையா?”

“போனார். காலையில ஏழு மணிக்கே போயிட்டார். மத்தவங்க ஜீப்பை விட்டு இறங்காமலே பாலத்தைப் பாஸ் பண்ணிடுவாங்க. அடியில இறங்கி, சுத்தியலால தட்டிப் பார்க்கற பைத்தியம் அவர் ஒருத்தர்தான்.”

“பார்த்தவர் ஏன் எழுதலை?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரிஞ்சுக்கிட்டே கேட்டா எப்படிம்மா?”

“விரிசல் இருக்கு, வண்டிகளை நிறுத்துங்கன்னு அதுக்கு முன்னாடியே மூணு கடிதம் போட்டிருக்கார். ஃபைல்ல இருக்கு.”

“ஃபைல்ல ஆயிரம் இருக்கும். இத பாரு, உன்னை நான் வேத்தாளா நினைக்கலை. உங்க வீடு இருந்த நிலைமையில, ஆறே மாசத்துல இந்த நாற்காலியில உன்னை உட்கார வச்சது யாரு? இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை, ஞாபகம் இருக்கட்டும். உப்பிட்டவங்களை மறக்கக் கூடாது.”

மேசை இழுப்பறையில் பழைய சுத்தியல் ஒன்று கிடந்தது. அவள் அதைத் தொட்டுவிட்டு, இழுப்பறையை மூடினாள். காலிக் கட்டத்தில் நிதானமாகத் தட்டச்சு செய்தாள்.

அவர் எட்டிப் பார்த்துப் படித்தார். “ஆய்வு முடியவில்லை... என்னம்மா இது? ஏன் முடியலைன்னு கேட்டா அவங்ககிட்ட என்ன சொல்லுவே?”

“நடந்ததைச் சொல்லுவேன் சார். சுத்தியலால தட்டின இடத்துலயே பாளம் பெயர்ந்து விழுந்துச்சு, எங்கப்பாவை அடியிலேருந்து எடுக்க ஒம்பது மணி நேரம் ஆச்சுன்னு.”